ஈட்டி, ஊசி, கொம்பு, காற்று: 'கார்ஃபிஷ்' மீன்பெயர்களின் வரலாறும் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

இருமொழி அகராதிகளில் மீன்பெயர்கள் எளிய சொற்களாகவே பெரும்பாலும் நடத்தப்பெறுகின்றன. ஒரு மொழியின் மீன்பெயருக்கு எதிரே மற்றொரு மொழியின் மீன்பெயர் ஒன்றை நிறுத்தியவுடன் பணி முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. ஆயின், ஒரு மீனைப் பிடிக்கும் சமுதாயம் அதனை எக்கடலில், எப்பருவத்தில், எம்மீனோடு ஒப்பிட்டுக் கண்டது என்பதைப் பொறுத்தே அதன் பெயர் அமைகிறது. அப்பெயர் வேறு நாட்டிற்குச் செல்லும்போது வடிவம் மாறாமல் பொருள் மாறிவிடுவதும் உண்டு.

'கார்ஃபிஷ்' என்னும் ஆங்கிலச் சொல் இதற்குத் தக்க சான்றாகும். ஐரோப்பியக் கடல்களில் இச்சொல் 'பெலோனே பெலோனே' என்னும் அறிவியற்பெயர் கொண்ட கடல்மீனைக் குறிக்கிறது. வட அமெரிக்காவில் அதனோடு உறவற்ற நன்னீர் மீன்களுக்கு இது வழங்கியது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கீழ்த்தாடை மட்டும் நீண்ட அரைத்தாடை மீன்களை இது குறிக்கிறது. இந்திய மீனியல் நூல்களிலோ கங்கை முதலிய ஆறுகளில் வாழும் ஒரு சிறுமீன் 'நன்னீர் கார்ஃபிஷ்' எனப்படுகிறது.

இப்பெயர்களைக் கடல்வாரியாக நோக்கி, (அ) மீன்பெயர் மொழிக்குடும்பத்தைக் காட்டிலும் கடற்பரப்பையே மிகுதியும் பின்பற்றுகிறது என்பதையும், (ஆ) விலங்கியல் வகைப்பாடு பிரித்தவற்றைப் பொதுமக்கள் வழக்கு பிரிக்காது விட்டதே இன்றைய மொழிபெயர்ப்புச் சிக்கலுக்குக் காரணம் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

1. மீனும் அதன் பருவமும்

ஐரோப்பிய கார்ஃபிஷ் ஒல்லியான நீண்ட உடலும், இரு தாடைகளும் அலகுபோல் நீண்டு நுண்பற்கள் செறிந்த வாயும் உடையது. நார்வே முதல் மத்தியதரைக்கடல் வரையிலும், கருங்கடலிலும் பால்டிக் கடலிலும் இது காணப்படுகிறது. நீரின் மேற்பரப்பை ஒட்டிக் கூட்டமாக நீந்தும். அஞ்சினால் நீரைவிட்டுத் துள்ளும். இளவேனிலில் முட்டையிடுவதற்காகக் கரையோரத்து ஆழமற்ற நீருக்கு வரும். முட்டைகளிலுள்ள நுண்ணிழைகள் கடற்பாசியைப் பற்றிக்கொள்ளும்.

இந்தப் பருவவரவே மீன்பிடிப்பின் அடிப்படை. டென்மார்க்கிலும் ஜெர்மனியின் பால்டிக் கரையிலும் இது மே மாதத்து மீன். ரூகன் தீவை ஒட்டிய கரையில் ஹெர்ரிங் மீனுக்குப் பின் இதன் பருவம் வருகிறது. இங்கிலாந்தில் கானாங்கெளுத்தி இனமாகிய மாக்கரல் கூட்டத்திற்குச் சற்று முன்னர் இது வருவதால் 'மாக்கரலின் வழிகாட்டி' என்னும் வட்டாரப் பெயர் எழுந்தது.

இம்மீனின் முள் பச்சை நிறமுடையது. சமைத்த பின்னும் நிறம் மாறாது. பிலிவெர்டின் என்னும் பித்த நிறமியே இதற்குக் காரணம், அது தீங்கற்றது. எனினும் பச்சை முள்ளைக் கண்டு உண்ண அஞ்சியோர் பலர். ஆங்கில வட்டார வழக்கிலும் ஜெர்மன் மொழியிலும் 'பச்சைமுள்' என்று பொருள்படும் பெயர்கள் தோன்றியமைக்கு இதுவே அடிப்படை. வடிவம், வருகைக்காலம், முள்ளின் நிறம் ஆகிய மூன்றும் பெயரீட்டுக்கு அடிப்படையாயினும், பெரும்பான்மையான பெயர்கள் வடிவத்தையே பற்றி நிற்கின்றன. அவ்வடிவத்தை எப்பொருளோடு ஒப்பிடுவது என்பதில்தான் கடலுக்குக் கடல் வேறுபாடு காணப்படுகிறது.

2. ஊசி: மத்தியதரைக்கடல்

பண்டைய கிரேக்கத்தில் 'பெலோனே' என்பது ஊசியைக் குறித்த சொல். ஊசி என்னும் அதே பொருளுடைய 'ராஃபிஸ்' என்பதும் மீன்பெயராக வழங்கியது. இலத்தீனில் இதற்கு இணை 'ஆகுஸ்'. இன்றைய ஸ்பானிய மொழியின் 'அகூஹா', இத்தாலியத்தின் 'அகூல்யா', கத்தலான் மொழியின் 'அகுல்யா' ஆகியவை இலத்தீன் வழிவந்த ஊசிச்சொற்கள். ஏட்ரியாட்டிக் கரையில் குரோவாசிய மொழி பேசுவோர் இம்மீனை 'இக்லிட்சா' என்பர். அது சிலாவிய வேரிலிருந்து பிறந்த சொல்லெனினும் அதன் பொருளும் ஊசியே.

ஊசி என்னும் பெயர் தொடக்கத்திலேயே இருபொருள் உடையதாக இருந்தது. அரிஸ்டாட்டில் தம் விலங்கு வரலாற்று நூலில், பெலோனே இனப்பெருக்கக் காலத்தில் வயிறு பிளந்து முட்டைகளை வெளியிடும் என்றும், வயிற்றின் அடியில் அதற்கெனப் பிளவு உண்டு என்றும் குறிப்பிடுகிறார். இவ்வியல்பு கார்ஃபிஷுக்கு உரியதன்று. வயிற்றுப் பையில் முட்டை சுமக்கும் குழல்மீனுக்கு உரியது. அதுவும் ஊசிபோல் மெலிந்த மீனே. பிளினி இச்செய்தியை 'ஆகுஸ்' என்னும் இலத்தீன் பெயரின்கீழ் எடுத்தெழுதினார். டார்சி தாம்சன் 1947இல் வெளியிட்ட கிரேக்க மீன்பெயர்க் களஞ்சியம், ஒரே பெயர் இருவேறு மீன்களைச் சுட்டுவதை விளக்குகிறது. மூலத்தில் உள்ள பெயர் ஒன்றே ஆயினும், இடத்திற்கேற்ப மொழிபெயர்ப்பு இரண்டாக வேண்டும் என்பதற்கு இது மிகப் பழைய எடுத்துக்காட்டு.

பிற்காலக் கிரேக்கத்தில் இம்மீனுக்கு 'சர்கானா' என்னும் வேறு பெயர் நிலைபெற்றது. துருக்கி மொழி இதனைக் கடன்கொண்டது. கருங்கடலைச் சுற்றி ரஷ்ய மொழியில் 'சர்கான்' என்றும், பல்கேரிய மொழியில் 'சர்கன்' என்றும் இதே சொல் வழங்குகிறது.

இங்குச் சிலாவிய மொழிகளை ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். ஏட்ரியாட்டிக் கரையின் குரோவாசியத்தில் ஊசி; கருங்கடற் கரையின் ரஷ்யத்திலும் பல்கேரியத்திலும் சர்கான்; பால்டிக் கரையின் போலிய மொழியில் கல்வியாளர் வழக்கின் வழிவந்த 'பெலோனா'. ஒரே குடும்பத்து மொழிகள் மூன்று கடல்களில் மூவகைப் பெயர்களைக் கொண்டுள்ளன. சிலாவியர்க்குப் பொதுவான தொல்சொல் ஒன்று இம்மீனுக்கு இருந்ததாக இப்பெயர்கள் காட்டவில்லை. கடலை அடைந்த பின்னரே அவரவர் அங்கங்கே பெயரைப் பெற்றனர் என்று கொள்வது பொருத்தமாகும்.

3. ஈட்டியும் கொம்பும்: வடகடல்

பழைய ஆங்கிலத்தில் 'கார்' என்பது ஈட்டி. ஆங்கிலத்தில் வெள்ளைப்பூண்டைக் குறிக்கும் 'கார்லிக்' என்னும் சொல்லின் முற்பகுதியும் இதுவே. 'கார்ஃபிஷ்' என்னும் கூட்டுச்சொல் 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் காணப்படுகிறது. ஈட்டியைக் குறித்த தனிச்சொல் வழக்கிறந்த பின், கூட்டுச்சொல்லின் முற்பகுதி பொருள் விளங்காத உறுப்பாயிற்று. இவ்வாறு பொருள் மங்கியதே பின்னர் இப்பெயர் வேறு மீன்களுக்குத் தடையின்றிச் செல்ல இடமளித்தது எனலாம். ஈட்டி என்று கேட்போர்க்குப் புலப்படும் வரையில் பெயர் உருவத்தோடு கட்டுண்டிருக்கும். புலப்படாதபோது அது வெறும் அடையாளக் குறியாகிவிடும்.

டேனிய மொழியின் 'ஹோர்ன்ஃபிஸ்க்' கொம்புமீன் என்னும் பொருளது. பிரெஞ்சு 'ஓர்ஃபி' என்பதும் இக்கொம்புமீனே. நார்மண்டியில் குடியேறிய வடவர் மொழியிலிருந்து வந்தது எனவும், இடைக்கால டச்சு மொழியிலிருந்து வந்தது எனவும் இதற்கு இருவேறு விளக்கங்கள் கூறப்படுகின்றன. எவ்வாறாயினும் வடகடற் கரையின் ஜெர்மானிய மொழியொன்றே அதன் பிறப்பிடம். இலத்தீனிலிருந்து தோன்றிய பிரெஞ்சு, வடகரை மீனவரிடமிருந்து கொம்பைப் பெற்றது. தென்கரையில் ஊசிப்பெயர் தொடர்ந்து வழங்கியது. ஒரு நாட்டின் இரு கரைகள் இரு கடல்களின் பெயரீட்டு மரபுகளைப் பிரதிபலித்தன.

ஜெர்மன் மொழியின் 'ஹோர்ன்ஹெஷ்ட்' என்பதில் கொம்போடு 'ஹெஷ்ட்' என்னும் சொல் சேர்ந்துள்ளது. அது 'பைக்' எனப்படும் நன்னீர் வேட்டைமீனின் பெயர். ஸ்வீடிய மொழியின் 'நெப்யெத்தா', 'ஹூர்ன்யெத்தா' ஆகியவற்றின் பிற்பகுதியும் பைக் மீனையே குறிக்கும். முற்பகுதிகள் முறையே அலகும் கொம்பும். பால்டிக் கடலின் உப்பு மிகக் குறைவாதலின் அங்குப் பைக் மீன் கரையோரக் கடல்நீரிலும் வாழ்கிறது. அக்கரை மீனவர்க்கு நன்கு அறிமுகமான நீண்ட மீன் அதுவே. அறியாததை அறிந்ததன் வகையாகக் கொண்டு அடைமொழி சேர்த்துப் பெயரிடும் முறை இங்குத் தெளிவாகப் புலப்படுகிறது.

4. காற்று: பால்டிக்கின் கீழ்க்கரை

பால்டிக் கடலின் கிழக்குக் கரையில் பெயரீடு முற்றிலும் வேறாகிறது. எஸ்தோனிய மொழியில் இம்மீன் 'தூலெஹௌக்'. 'தூல்' காற்று, 'ஹௌக்' பைக். லாத்விய மொழியில் 'வேய்சிவ்ஸ்', லித்துவேனிய மொழியில் 'வேயாஷுவே'. இரண்டும் காற்றுமீன் என்றே பொருள்படும்.

லாத்வியமும் லித்துவேனியமும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பால்டிக் கிளையைச் சார்ந்தவை; எஸ்தோனியம் ஃபின்னோ-உக்ரியக் குடும்பத்தது. உறவற்ற இவை காற்று என்னும் கருத்தில் ஒன்றுபடுகின்றன. எஸ்தோனியத்தோடு நெருங்கிய உறவுடைய ஃபின்னிய மொழியோ 'நொக்ககலா', அதாவது அலகுமீன் என்கிறது. ஒலிவடிவம் கடனாகாமல் கருத்து மட்டும் எல்லை கடந்து பரவியதை, மொழியியலார் கூறும் கடன்மொழிபெயர்ப்பு என்னும் வகையில் அடக்கலாம். அண்டை மொழிகள் உறவின்றியும் பண்புகளைப் பகிர்ந்துகொள்ளும் மொழிப்பரப்புக் கோட்பாட்டுக்குச் சொற்பொருள் அளவிலான சிறந்த சான்று இது. 1956இல் எமனோ இந்தியாவை ஒரு மொழிப்பரப்பாக விளக்கியதை அறிந்த இந்திய மொழியியலார்க்கு இந்நிகழ்வு புதியதன்று.

5. லின்னேயஸின் ஒரே பேரினம்

பொதுமக்கள் ஒப்புமையால் பெயரிடுகின்றனர், அறிவியல் உறவால் வகைப்படுத்துகிறது என்று பொதுவாகக் கூறப்படும். இவ்வேறுபாடு தொடக்கத்தில் இருந்ததன்று. ஸ்வீடனைச் சேர்ந்த லின்னேயஸ், பைக் மீனுக்குரிய 'எசாக்ஸ்' என்னும் பேரினத்தில் ஐரோப்பிய கார்ஃபிஷை அடக்கினார். 1758இல் அமெரிக்காவின் நீள்மூக்கு கார் மீனும், பிரேசிலின் பெயர் தாங்கிய அரைத்தாடை மீனும் அதே பேரினத்தில் இடம்பெற்றன. இன்று நான்கு வெவ்வேறு குடும்பங்களாகக் கொள்ளப்படுபவை அன்று ஒரு பேரினமாக இருந்தன. நீண்ட தாடையுள்ள மீனைப் பைக் என்று அழைத்த பால்டிக் மீனவரும், அவற்றை 'எசாக்ஸ்' என்ற விலங்கியலாரும் ஒரே வகையான ஒப்புமையையே கையாண்டனர்.

பிரிவு பின்னர் வந்தது. லாசெபேட் 1803இல் அமெரிக்க மீன்களை 'லெபிசோஸ்டியஸ்' எனத் தனியாக்கினார். கூவியே 1816இல் 'பெலோனே', 'ஹெமிராம்ஃபஸ்' என்னும் பேரினங்களைப் பிரித்தார். அறிவியல் இவ்வாறு தன் பெயர்களைத் திருத்திக்கொண்டது. ஆனால் அதற்குள் ஆங்கிலேயர் கடல் கடந்து குடியேறியிருந்தனர். அவர்களுடன் சென்ற பழம்பெயரைத் திருத்துவார் இலர்.

6. கடல் கடந்த பெயர்

வட அமெரிக்க ஆறுகளில் நீண்ட தாடையும் கடினமான செதிற்கவசமும் உடைய பெருமீன்களைக் கண்ட ஆங்கிலக் குடியேறிகள் அவற்றைத் தம் ஊர்க்கடலின் கார்ஃபிஷ் என்றனர். அதே மீன்களை லூசியானாவின் பிரெஞ்சுக்காரர் 'புவாசோன் ஆர்மே' (கவசமீன்) என்றனர். மெக்சிகோவின் ஸ்பானியர் 'பெஹெலகார்த்தோ' (பல்லிமீன்) என்றனர். இவ்விரு சாராரும் புதிய மீனுக்குப் புதிய பெயர் அமைத்தனர். ஆங்கிலேயர் பழைய பெயரையே இடம்பெயர்த்தனர். பின்னர் 'கார்' என்னும் குறுகிய வடிவம் அமெரிக்க மீன்களுக்கே உரித்தாகி, அங்குள்ள கடல்மீன்கள் 'நீடில்ஃபிஷ்' (ஊசிமீன்) எனப் பிரித்துரைக்கப்பட்டன.

இங்குதான் பெயர்மயக்கம் தீங்காக மாறக்கூடும். அமெரிக்கக் கார் மீன்களின் முட்டை மனிதருக்கு நச்சுத்தன்மை உடையது. ஐரோப்பிய மீனின் பச்சை முள் அச்சமூட்டினும் நஞ்சற்றது. அமெரிக்க நூலொன்றின் எச்சரிக்கையை ஐரோப்பிய அல்லது இந்திய மீனின் பெயரால் மொழிபெயர்த்தால் நல்ல உணவு விலக்கப்படும்; எதிர்த்திசையில் மொழிபெயர்த்தால் நச்சு உணவு பரிந்துரைக்கப்படும்.

ஆஸ்திரேலியாவில் வேறொரு பங்கீடு நிகழ்ந்தது. அங்குக் கார்ஃபிஷ் என்பது அரைத்தாடை மீன்களின் பெயர். தென் ஆஸ்திரேலியக் கடல்களின் 'தென்புலக் கார்ஃபிஷ்' விரும்பி உண்ணப்படுவது. இரு தாடைகளும் நீண்ட உண்மையான ஊசிமீன்களுக்கு அங்கு 'லாங்டாம்' என்று பெயர். நியூசிலாந்தின் அரைத்தாடை மீனும் ஆங்கிலத்தில் 'பைப்பர்' அல்லது கார்ஃபிஷ். மாவோரி மொழியில் அது 'இஹே'. 'தாக்கெக்கே' என்பதும் உண்டு. அறிவியற்பெயரின் 'இஹி' என்னும் பகுதி மாவோரிச் சொல்லை ஒட்டியது.

7. 'தோடாக்': ஒரு மொழிபெயர்ப்பின் விளைவு

தென்கிழக்காசியாவில் ஊசிமீன் பிடிப்புக்குத் தனி வரலாறு உண்டு. கிழக்கு இந்தோனேசியத் தீவுகள் முதல் சாலமன் தீவுகள் வரை இம்மீனைக் காற்றாடியால் பிடித்தனர். இலையாலான காற்றாடியைத் தோணியிலிருந்து பறக்கவிட்டு, அதிலிருந்து தொங்கும் கயிற்றின் முனையில் சிலந்தி வலையைத் திரித்துச் செய்த கண்ணியைக் கட்டுவர். அது நீர்ப்பரப்பைத் தொட்டுத் தொட்டுச் செல்லும். கவ்விய மீனின் நுண்பற்கள் சிலந்தி நூலில் சிக்கிக்கொள்ளும். தூண்டில் முள்ளே இதற்குத் தேவையில்லை. ஹென்ரி பால்ஃபூர் 1913இல் இம்முறையைப் பற்றித் தனிக்கட்டுரை எழுதினார்.

மலாய் மொழியில் ஊசிமீன் 'தோடாக்' எனப்படும். வாள்மீனுக்கும் அச்சொல் வழங்குவதுண்டு. 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்று நூலில், சிங்கபுரத்தின் கரையைத் தோடாக் கூட்டம் தாக்கிய கதை இடம்பெறுகிறது. நீரிலிருந்து துள்ளிய மீன்கள் கரையில் நின்றோரைக் குத்திக் கொன்றன. மக்களைத் தம் கால்களாலேயே அரண் அமைத்து நிற்குமாறு மன்னன் ஆணையிட்டான், பலர் மாண்டனர். சிறுவன் ஒருவன் வாழைத்தண்டுகளால் வேலி அமைக்கலாம் என்றான். மீன்களின் அலகுகள் தண்டில் குத்தி மாட்டிக்கொண்டன. அச்சிறுவனின் அறிவைக் கண்டு அஞ்சிய மன்னன் அவனையே கொல்வித்தான்.

ஜான் லேடனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1821இல் வெளிவந்தது முதல் இந்நூல் ஆங்கில வாசகர்க்கு அறிமுகம். இன்று ஆங்கிலத்தில் இக்கதை பெரும்பாலும் வாள்மீன்களின் தாக்குதல் என்றே சொல்லப்படுகிறது. வாள்மீன் திறந்த கடலில் வாழும் மிகப் பெரிய மீன். கரையோர ஆழமற்ற நீரில் கூட்டமாக வந்து துள்ளுவது அதன் இயல்பன்று. ஊசிமீனோ கரையோரத்தில் கூட்டமாக நீந்துவது. துள்ளும்போது மனிதரைக் குத்திக் காயப்படுத்திய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. வாழைத்தண்டில் அலகு சிக்கும் என்பதும் ஊசிமீனுக்கே பொருந்தும். 'வாள்மீன்' என்றதும் கதை முழுக்கற்பனையாகத் தோன்றுகிறது. 'ஊசிமீன்' என்றால் மீனவர் அனுபவத்தில் வேரூன்றிய கதையாகிறது. சிங்கப்பூரின் ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. ஆங்கிலம் வழியாக இக்கதையைத் தமிழாக்குவோர் 'வாள்மீன்' என்று எழுதுமுன் மலாய்ச் சொல்லை நோக்குதல் நலம்.

8. இந்திய வழக்குகள்

கங்கைச் சமவெளியில் வாழும் நன்னீர் ஊசிமீன் வங்காளத்தில் 'காங்கிலா', 'காகிலா' என்றெல்லாம் வழங்குகிறது. பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில் இதற்கு 'எசாக்ஸ் கான்சிலா' என்று பெயரிட்டார். கூவியே பிரித்து ஆறாண்டுகள் சென்ற பின்னும் பேரினப்பெயர் பைக் மீனுடையதாகவே நின்றது. சிற்றினப்பெயர் வங்க மீனவருடையதாயிற்று. இன்று பேரினம் 'செனென்டோடான்' என மாறிவிட்டது, 'கான்சிலா' நிலைத்துவிட்டது. ஐரோப்பிய அறிஞர் இட்ட பகுதி மாறியிருக்க, மீனவர் வழங்கிய பகுதி நீடிப்பது கருதத்தக்கது.

தென்னகத்தில் மலையாளத்தின் 'கோலான்' ஊசிமீனைக் குறிக்கும். தமிழின் 'கோலா' பறவைமீனைக் குறிக்கும். வடிவ ஒற்றுமையைக் கண்டு ஒன்றிற்கு மற்றொன்றை நேர்ச்சொல்லாக்குதல் பிழை. எனினும் ஊசிமீன், அரைத்தாடை மீன், பறவைமீன் ஆகிய மூன்றும் இன்று 'பெலோனிஃபார்மஸ்' என்னும் ஒரே வரிசையில் வைக்கப்பெறுகின்றன.

தமிழ்க் கடற்கரையில் ஊசிமீன்களையும் அரைத்தாடை மீன்களையும் தழுவி நிற்கும் பொதுச்சொல் 'முரல்'. ஆங்கிலம் ஐரோப்பாவில் ஒன்றையும் ஆஸ்திரேலியாவில் மற்றொன்றையும் குறிக்கும் பெயரால் மயங்க, தமிழ் இரண்டையும் ஒரு பொதுப்பெயரால் அடக்கி, வேண்டுமிடத்து அடைமொழியால் பிரிக்கிறது. அமெரிக்கக் கார் மீனுக்கு மட்டும் இச்சொல் பொருந்தாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2023 மே மாதத்தில் ஸ்ரீநகரின் தால் ஏரியில் 'அலிகேட்டர் கார்' என்னும் அமெரிக்க மீன் பிடிபட்டது. அது அயல்நாட்டு ஊன்உண்ணி. உள்நாட்டு மீன்களுக்கு ஊறு செய்யவல்லது. அதே நாட்டின் ஆறுகளில் காங்கிலா உள்நாட்டு உணவுமீன். இரண்டிற்கும் ஆங்கிலத்தில் 'கார்' என்னும் கூறு பொது. இத்தகைய செய்தியை இந்திய மொழிகளில் எழுதுவோர் இரண்டையும் ஒரு பெயரால் சுட்டினால், அழிக்கவேண்டிய மீனும் காக்கவேண்டிய மீனும் ஒன்றாகிவிடும்.

9. முடிவுரை

ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு ஒவ்வொரு மீனுக்கும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியப் பெயர்களையும் மூன்றெழுத்துக் குறியீட்டையும் தருகிறது. 'ஜி-ஏ-ஆர்' என்னும் குறியீடு ஐரோப்பியக் கடல்மீனுக்கு உரியது. அமெரிக்கர் 'கார்' என்று அழைக்கும் மீனுக்கு உரியதன்று. பட்டியல்கள் வாணிகத்தில் மயக்கத்தைக் குறைக்கும். பழைய நூல்களிலும் கதைகளிலும் செய்திகளிலும் வரும் பெயர்களுக்கு அவை விடையளிக்கா.

மேற்கண்ட ஆய்விலிருந்து மொழிபெயர்ப்புக்கு உதவும் நடைமுறை ஒன்று பெறப்படுகிறது. 'கார்ஃபிஷ்' என்னும் சொல்லைக் கண்டவுடன் அகராதியை நாடுமுன், நூல் எந்நாட்டது, மீன் கடலதா ஆற்றினதா, நீண்டது இரு தாடைகளா கீழ்த்தாடை மட்டுமா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டும். ஐரோப்பிய நூலாயின் 'ஐரோப்பிய முரல்' அல்லது 'ஊசிமூக்கு முரல்' எனலாம். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து நூலாயின் 'அரைத்தாடை முரல்' எனலாம். அமெரிக்க மீனாயின் 'கார்' என்று ஒலிபெயர்த்து 'நன்னீர்க் கவசமீன்' என விளக்கம் தருதல் தகும். வங்கத்து மீனாயின் 'காங்கிலா' என்னும் அதன் சொந்தப் பெயரையே கொள்ளலாம்.

ஈட்டி, ஊசி, கொம்பு, அலகு, காற்று ஆகிய பெயர்கள் யாவும் அந்தந்தக் கடலில் வலை வீசியோரின் பட்டறிவைத் தாங்கியுள்ளன. அவற்றை ஒரே ஆங்கிலச் சொல்லின் வழியாக மட்டும் நோக்கும்போது அப்பட்டறிவு மறைகிறது. மீன்பெயரை மொழிபெயர்ப்போர் சொல்லுக்கு முன் கரையை அறிதல் வேண்டும்.